மாமனாருக்கு மருந்து

அந்த வீட்டில் மாமனார் என்றால் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருக்கும் பூசணிக்காய்தான். உண்மையான மாமனார் அண்ணனின் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்று அண்ணிதான் பூசணிக்கு அந்தப் பட்டத்தைக் கட்டினாள்.

"ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுறதில்ல. உட்கார்ந்த இடத்துலயே பெருத்துக்கிட்டு எல்லாரையும் வேலை வாங்குறார். இவர் மாமனார் இல்லாம வேற யாராம்?"

அண்ணன் முகத்தை இறுக்கிக்கொண்டு பார்ப்பான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிடும். சின்னவளும் சிரிப்பாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. அவள் அண்ணனின் தங்கை. அவர்களோடுதான் இருந்தாள். யாராவது கேட்டால் தலையாட்டுவாள், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. அண்ணி வந்த பிறகுதான் அவளுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே வீட்டுக்குத் தெரிந்தது. அதுவும் அண்ணியிடம் மட்டும்.

மாமனார் சாதாரணப் பூசணி இல்லை. போட்டிக்காக வளர்க்கிற ராட்சதச் சாதி. கோடையின் தொடக்கத்தில் அண்ணி தன் கையால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவியபோது எலுமிச்சை அளவுதான் இருந்தது. கொடியில் பிடித்த மற்ற பிஞ்சுகளையெல்லாம் அண்ணன் கிள்ளி எறிந்தான். ஒரு கொடியின் சத்து முழுவதும் ஒரே காய்க்கு. இப்போது அதைக் கட்டிப்பிடிக்க மூன்று பேரும் கைகோத்து நின்றாலும் போதாது. பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா வாரம் தவறாமல் டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க வருவாள்.

வேலியைத் தாண்டும்போதே அண்ணன் குறுக்கே நிற்பான். "அக்கா, ஊசி ஏதாவது குத்தி வச்சிருக்கீங்களா?"

"ஏம்ப்பா, நான் என்ன உங்க மாமனாரைக் குத்திக் கொல்லவா வந்தேன்?"

"சட்டை ஓரத்தைக் காட்டுங்க."

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. எடை போடுகிற இடத்தில் காயைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். தோலில் கீறல் இருந்தால் பரவாயில்லை. உள்ளே இருக்கும் பொந்துவரை போகிற ஓட்டை ஒன்று இருந்தால் போதும், தராசில்கூட ஏற்ற மாட்டார்கள். ஊசி அவ்வளவு தூரம் போகாது என்று அண்ணனுக்கும் தெரியும். ஆனால் ஊசி போன இடத்தில் கிருமி போகும், கிருமி போன இடத்தில் அழுகல் போகும் என்பான்.

டெய்லர் அக்கா காலரில் இருந்த குண்டூசிகளைக் கழற்றிச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு, டேப்பைச் சுற்றுவாள். "இடுப்பு இன்னும் பெருத்துடுச்சு. இவருக்கு ஒரு பேண்ட் தைக்கச் சொன்னா நான் கடையை மூடிட்டு ஓடிடுவேன்."

போன வருஷம் இவ்வளவு சிரிப்பு இல்லை. போன வருஷத்துக் காய் எடை போடுகிற நாளுக்கு முன்னால் அழுகிப்போனது. லாரி வாசலில் வந்து நின்றுவிட்டது. அண்ணன் வேலை செய்யும் பஸ் பட்டறையிலிருந்து தூக்குவதற்கு ஆள்களும் வந்துவிட்டார்கள். தார்ப்பாயை விலக்கினால் காம்பைச் சுற்றிச் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் கையை வைத்தான். கை முழங்கைவரை உள்ளே போனது. வந்த நாற்றத்தில் ஆள்கள் வேலிக்கு ஓடினார்கள், ஓடிக்கொண்டே சிரித்தார்கள். அன்றிலிருந்து பட்டறையில் அண்ணனுக்கு 'நுரை' என்று பெயர். நுரை வந்துட்டானா, நுரை சாப்பிட்டானா, நுரைகிட்ட ஸ்பானரைக் கொடு. மேலதிகாரிகூட ஒருநாள் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டார்.

அண்ணன் அதை வீட்டில் சொல்லவில்லை. அண்ணி மதியச் சாப்பாடு கொண்டுபோன அன்று அவள் காதிலேயே விழுந்தது.

இந்த வருஷம் காம்பில் விரிசல் தெரிந்தது ஒரு காலை நேரத்தில். நகத்தால் கீறினது மாதிரி மெல்லிய கோடு. காய் வேகமாகப் பெருக்கும்போது காம்பு ஈடுகொடுக்க முடியாமல் பிளப்பது சகஜம்தான். ஆனால் அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் குந்தின இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. டீ ஆறி ஆடை படிந்தது.

"கிருமி உள்ள போறதுக்கு முன்னாடி நாம உள்ள போயிடணும்" என்றான் கடைசியில்.

அன்றைக்குத் தரை துடைக்கிற பிளீச்சிங் தண்ணீரில் ஒரு மூடி, ஒரு வாளித் தண்ணீரில் கலக்கப்பட்டது. அதில் பஞ்சுக்குச்சியை நனைத்து விரிசலைத் துடைக்க வேண்டும். காம்பு இருக்கிற இடமோ காயின் தோளுக்கும் கொடிக்கும் நடுவில் ஒரு சந்து. பட்டறை வேலையில் தடித்துப்போன அண்ணனின் கை அதில் நுழையாது. சின்னவள் முன்னால் வந்தாள்.

"வேணாம். உன் கை தையல் மிஷின் ஊசி மாதிரி ஆடும். கீறிடுவே" என்றான் அண்ணன்.

அண்ணியின் கை ஒல்லி. அது நடுங்காது. அப்படித்தான் அது அண்ணியின் வேலை ஆனது.

ஒரு மூடி இரண்டு மூடியானது. வாளி சிறியதானது. விரிசல் காய்ந்துதான் இருந்தது. ஆனால் காய்ந்திருக்கிறது என்பதே அண்ணனுக்குச் சந்தேகமாக இருந்தது. மேலே காய்ந்த மாதிரி காட்டி உள்ளே வேலை பார்க்கும் என்றான், யாரோ ஒரு பழைய எதிரியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. வேலி வாசலில் ஒரு தட்டு வைத்து அதில் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றினான். காலை நனைக்காமல் யாரும் உள்ளே வரக் கூடாது. செருப்புகளின் நிறம் போயிற்று. அண்ணி முழங்கால் ஊன்றி உட்கார்ந்து உட்கார்ந்து, அவளுடைய கத்தரிப்பூ நிற நைட்டியில் முழங்கால் இருக்கிற இடம் மட்டும் வெளுத்து, இரண்டு வெள்ளைக் கண்கள் மாதிரி ஆனது. "மாமனார் புது டிசைன் போட்டுக் கொடுத்திருக்கார்" என்றாள் அண்ணி.

ஒருநாள் மழைக்குப் பிறகு மண்புழுக்கள் மேலே வந்து கிடந்தன. எல்லாம் வெளிறிப்போய், வேகவைத்த சேமியா மாதிரி. சின்னவள் ஒன்றைக் குச்சியால் தொட்டாள். அது அசையவில்லை. எறும்புகளும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். கொல்லையில் எறும்பு இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை. எறும்புப் பவுடர் செலவு மிச்சம் என்று டெய்லர் அக்கா சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அளக்க வருவது குறைந்தது. கண் எரிகிறது என்றாள்.

அப்புறம் இலைகளில் சாம்பல் நோய் வந்தது. மாவு தூவின மாதிரி வெள்ளைப் படலம். அதற்கு வினிகர் கலந்த தண்ணீர் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணன் வினிகரை வாங்கிக்கொண்டு வந்து, துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பம்பில் நிரப்பினான். காற்றில் கிருமி வருகிறது என்று காயைச் சுற்றி நாலு கம்பு நட்டு, பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கூடாரம் கட்டினான். அதன் ஓரங்களை மண்ணில் புதைத்தான். ஒரு பக்கம் மட்டும் திறக்கும். அந்தப் பக்கத்தையும் அண்ணி உள்ளே இருக்கும்போது அவனே கையால் இழுத்துப் பிடித்துக்கொள்வான்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம்..."

"மெதுவா செய். அவசரமே இல்ல."

உள்ளேயிருந்து அண்ணி இருமுவது ஷீட்டில் மோதிக் கேட்கும். வெளியே அண்ணன், யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடப் போகிறார்கள் என்பது போல, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பான்.

அண்ணிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு அடங்கியிருந்தது. குளிர்காலத்தில் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கும். இப்போது அது பெட்டி படுக்கையோடு வந்து குடியேறிவிட்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றாள். பேசினால் வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினாள். சாப்பிட உட்கார்ந்தால் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. அண்ணனுக்கு அவள் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதுகைத் தடவிவிட்டான், வெந்நீர் வைத்துக் கொடுத்தான், தன் தலையணையையும் அவளுக்கே கொடுத்தான்.

"எடை போட்டு முடிஞ்சதும் மறுநாளே பெரிய டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும் பொறுத்துக்கோ" என்றான்.

"எனக்கென்ன... நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அண்ணி.

தனியாக இருக்கும்போது சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதடி. இன்னொரு வருஷம் நுரைன்னு கூப்பிட்டா அந்த மனுஷன் தாங்க மாட்டார்."

"நீங்க தாங்குவீங்களா அண்ணி?"

"வாயைத் திறந்தாலும் திறந்தே, வக்கீலாட்டம் பேசுறே" என்று அண்ணி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

இழுப்புக்கான ஸ்ப்ரே தீர்ந்துபோய்ச் சின்னவள்தான் மருந்துக் கடைக்குப் போனாள். மருந்துக் கடைக்காரர் அவளைப் பார்க்கும் முன்பே மூக்கைச் சுருக்கினார்.

"என்னம்மா, வீட்ல பினாயில் கம்பெனி ஆரம்பிச்சிருக்கீங்களா? போன வாரம்தான் ஸ்ப்ரே வாங்கிட்டுப் போனே. அதுக்குள்ள எப்படித் தீரும்?"

சின்னவள் தலையாட்டினாள். அது பதில் இல்லை என்பதால் அவர் காத்திருந்தார். அவள் வேறு வழியில்லாமல் சொன்னாள்: பிளீச்சிங், வினிகர், கூடாரம். சொல்லச் சொல்ல அவர் முகத்திலிருந்த கேலி மறைந்தது.

"ரெண்டும் ஒண்ணா சேரக் கூடாதும்மா. சேர்ந்தா விஷப்புகை. திறந்த வெளியிலயே ஆகாது. மூடி வச்ச இடத்துல, அதுவும் இழுப்பு இருக்கிறவங்க..." அவர் முடிக்கவில்லை. ஸ்ப்ரேயைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். "இதைப் போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லு. இன்னிக்கே சொல்லு."

சின்னவள் வழி முழுவதும் அந்த வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அண்ணன் வாசலில் உட்கார்ந்து கால் நகங்களைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவர் தலைவலிக்கு மாத்திரை விக்கிறவர். பூசணியைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"ரெண்டும் சேர்ந்தா..."

"சேர்த்து யார் ஊத்துறா? பிளீச்சிங் காம்புக்கு. வினிகர் இலைக்கு. வேற வேற பாத்திரம், வேற வேற நேரம். நான் என்ன பைத்தியமா?"

"ஷீட்டு மூடியிருக்கே அண்ணா."

"மூடலேன்னா கிருமி வராதா?" அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "உனக்குத் தெரியாது. அது எப்ப வரும், எந்தப் பக்கமா வரும்னு யாருக்கும் தெரியாது. போன வருஷமும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

சின்னவள் ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனாள்.

எடை போடுவதற்கு முந்தின நாள் மத்தியானம். அண்ணன் லாரிக்காரரைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினான். போகும் முன் இலைகளுக்கெல்லாம் வினிகரைத் தாராளமாக அடித்தான். நாளைக்கு எல்லோரும் பார்ப்பார்கள், கொடியும் பச்சையாக இருக்க வேண்டும் என்றான். விரிசலுக்குள் வைப்பதற்குப் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சட்னி பதத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தான். தண்ணீர் ஓடிவிடுகிறது, பசை என்றால் அங்கேயே நிற்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

"நிறைய வச்சு அடை. கடைசித் தடவை" என்று அண்ணியிடம் சொன்னான். "நான் இல்லேன்னு திறந்து போட்டுடாதே. உள்ள போனதும் இழுத்து மூடிக்கோ."

சின்னவள் கடைக்குப் பால் வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்து அடுக்களையில் பாத்திரத்தை வைக்கும்போதுதான் அந்த வாடை வந்தது. வழக்கமான வாடை இல்லை. தொண்டைக்குள் கையை விட்டுப் பிடிக்கிற மாதிரி ஒன்று. கண்ணில் தானாகத் தண்ணீர் வந்தது. கொல்லைப்பக்கம் சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை.

அவள் தட்டில் கால் நனைக்கவில்லை. கூடாரத்தின் திறப்பைத் தேடவும் இல்லை. கிடைத்த இடத்தில் ஷீட்டைப் பிடித்துக் கிழித்தாள். அது உடனே கிழியவில்லை, ரப்பர் மாதிரி நீண்டது. பல்லால் கடித்துக் கிழித்தாள். உள்ளே அண்ணி பூசணியின் மேல் சாய்ந்து, தூங்குகிறவள் மாதிரி கன்னத்தை வைத்துக் கிடந்தாள். கையில் கிண்ணம் அப்படியே இருந்தது. இலைகளிலிருந்து வினிகர் சொட்டுச் சொட்டாக அதில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் பசை நுரைத்தது.

அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் கிண்ணம் ஒரு பக்கமாக, வேலியைத் தாண்டி இழுத்துக்கொண்டு வந்து பின்வாசல் படியில் சாய்த்தாள். அண்ணியின் உதடு நீலமாக இருந்தது. உள்ளே ஓடி எடுத்துவந்த ஸ்ப்ரேயை வாயில் வைத்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அண்ணியின் நெஞ்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் போய் வந்தது. அந்தச் சத்தம் கேட்டபோதுதான் சின்னவளுக்குத் தன் கால்கள் நினைவுக்கு வந்தன. அவை நடுங்கிக்கொண்டிருந்தன. கை மட்டும் நடுங்கவில்லை.

வெகுநேரம் கழித்து அண்ணி கண்ணைத் திறந்தாள். முதலில் கொல்லையைப் பார்த்தாள், பிறகு கிழிந்த ஷீட்டை.

"ஐயோ... திறந்து கிடக்கே..."

"பேசாதீங்க."

"பாதிதான் வச்சேன்... இன்னும் பாதி..." அண்ணி படியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். "அவர் வர்றதுக்குள்ள... வச்சுட்டு வந்துடறேன். கொஞ்ச நேரம்தான்டி."

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். உதட்டில் நீலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதற்குள் எழுந்திருக்கிறாள். இன்று பிடித்து உட்கார வைக்கலாம். அண்ணன் வந்து, 'பாதிதான் வச்சியா?' என்று அன்பாகக் கேட்டால் அண்ணி போவாள். அவன் கூடாரத்தை மறுபடி கட்டுவான், வெளியே நின்று இழுத்துப் பிடித்துக்கொள்வான். மாமனார் முழுசாக உட்கார்ந்திருக்கிறவரை அண்ணி உள்ளே போய்க்கொண்டுதான் இருப்பாள்.

கொடிக்குக் குழி தோண்டின கடப்பாரை வேலியோரம் சாத்தியிருந்தது. சின்னவள் அதை எடுத்தாள்.

"ஏய்... என்ன பண்றே?"

முதல் குத்தில் தோல் மட்டும் பொத்தலானது. பச்சைக் கட்டையில் குத்தின மாதிரி கை விறைத்தது. மறுபடி குத்தினாள். மறுபடி. பூசணியின் சதை கெட்டியானது, கடப்பாரையை விடாமல் பிடித்துக்கொண்டது. அவள் அதை ஆட்டிப் பிடுங்கி, அதே ஓட்டையில், உடம்பு முழுவதையும் சேர்த்துக் குத்தினாள். திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் அது உள்ளே போயிற்று. நீளமான பெருமூச்சு மாதிரி உள்ளேயிருந்து காற்று வெளியே வந்தது.

பின்னால் அண்ணி படியில் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் அகலமாக வைத்திருந்தாள்.

அண்ணன் வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. லாரி கிடைத்த சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். பின்வாசலில் விசில் நின்றது. கிழிந்த ஷீட்டைப் பார்த்தான். காயில் நட்டுவைத்த மாதிரி நின்ற கடப்பாரையைப் பார்த்தான். பக்கத்தில் கையைத் தொங்கவிட்டு நின்ற தங்கையைப் பார்த்தான்.

அடிப்பான் என்று அவள் நின்றாள். அடித்தால் வாங்கிக்கொள்வதாகத்தான் இருந்தாள்.

அவன் அவளைத் தாண்டிப் போனான். கடப்பாரையை மெதுவாக உருவி ஓரமாக வைத்தான். ஓட்டையில் விரலை விட்டான், பிறகு கையை. வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தான். செல்போன் வெளிச்சத்தை அடித்துக் கண்ணை வைத்து உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஒண்ணுமே இல்லையே" என்றான்.

திரும்பினபோது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முகமோ சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒரு புள்ளி அழுகல்கூட இல்ல. இங்க வந்து பாரேன். தங்கம் மாதிரி இருக்கு. நுரை இல்ல, நாத்தம் இல்ல. அப்படின்னா மருந்து வேலை செஞ்சிருக்கு!"

"அண்ணா, அண்ணிக்கு மூச்சு நின்னுடப் பார்த்துச்சு" என்றாள் சின்னவள். அவள் குரல் அவளுக்கே உரத்துக் கேட்டது.

அவன் அண்ணியைப் பார்த்தான். முகம் இளகியது. ஓடி வந்து முன்னால் குந்தி அவள் கால்களைப் பிடித்துக்கொண்டான். "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுட்டே" என்றான். "உன் கஷ்டம் வீண் போகல. நாளைக்குப் போட்டி போனா போகட்டும். அடுத்த வருஷம் விதையிலேருந்தே ஆரம்பிச்சுடுவோம். விதையைக் கழுவிடுவோம். மண்ணையே கழுவிடுவோம். இப்பதான் எனக்குப் புரிஞ்சிருக்கு. இவ்வளவு நாளும் நாம ரொம்பக் கொஞ்சமா போட்டிருக்கோம்."

அண்ணி தலையாட்டினாள். "சரிங்க" என்ற அந்த ஒரு சொல்லுக்கு நடுவில் அவளுக்கு மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அவன் எழுந்து மறுபடி காயிடம் போய், ஓட்டையைக் கத்தியால் பெரிதாக்கிக் கையை விட்டு விதைகளை வாரத் தொடங்கினான். "ஒரு பேசின் எடுத்துக்கிட்டு வா. அப்படியே அந்தப் புது பிளீச்சிங் பாட்டிலையும் கொண்டுவா" என்று திரும்பாமலேயே குரல் கொடுத்தான்.

அண்ணி படியிலிருந்து எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் குளியலறையிலிருந்து பேசினை எடுத்தாள். பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். திரும்பினால் பின்வாசலில் சின்னவள் நின்றிருந்தாள், இரண்டு கையையும் கதவு நிலையின் இரண்டு பக்கமும் ஊன்றிக்கொண்டு.

"வழியை விடுடி. கூப்பிடறார்."

"மாட்டேன்."

"விளையாடாதே. என்னால... நிக்க முடியல."

"அதனாலதான்."

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். பாட்டில் இடுப்பிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை, உருண்டுபோய்ச் சுவரோரம் நின்றது. இரண்டு பேரும் அதை எடுக்கக் குனியவில்லை.

கொல்லையிலிருந்து அண்ணன் மறுபடி கூப்பிட்டான், பாசமாகத்தான். பதில் வராததால் செருப்புச் சத்தம் வேலிப்பக்கம் வந்தது, பிறகு படியில் ஏறியது. சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.